விடுதிக் குசினியிலிருந்து மேடைக்கு

நூற்றாண்டு நிகழ்வுகளின் தொடக்க விழாவில் பழைய மாணவியராகிய நாம் வழங்கிய நடன நிகழ்ச்சி பற்றி இம்மலருக்கு எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். மண்டபத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். பார்க்கக் கிடைக்காத அக்காமாரும் தங்கைமாரும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகின்றோம். 40 நிமிட ஆட்டத்துக்கு இவ்வளவு நீண்ட வரலாறு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆட்டத்தைவிட அதன் பின்னால் நடந்த வாக்குவாதங்களே நீளமானவை. எழுதிவைக்க வேண்டியவையும் அவையே என்பது எமது எண்ணம்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. விழாவில் எதை மேடையேற்றலாம் என்று சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கேட்டபோது வழமையான பதில்களே வந்தன. கண்ணகி, சகுந்தலை, கல்லூரிக் கீதத்துக்கு ஒரு வரவேற்பு நடனம். பிறகு ஒரு தங்கை, "விடுதியில இருந்த ஆக்கள் எல்லாரும் முதலில எதை நினைக்கிறியள்?" என்று கேட்டு வைத்தாள். அன்றிரவு எவரும் நித்திரை கொள்ளவில்லை போலும். பரிசளிப்பு விழாவைப் பற்றி எழுதியவர்கள் மூவரோ நால்வரோ. மற்றவர்கள் எல்லோரும் எழுதியது சாப்பாட்டைப் பற்றி. விடியற்புறத்தில் பிட்டு அவியும் மணம். தண்ணீர் போன்ற சொதியும் அதில் மிதந்த ஒற்றை வெங்காயத்துக்கு நடந்த சண்டையும். கழுவிய கோப்பைகளை அடுக்கும் ஓசை. வீட்டிலிருந்து வந்த பயற்றம் பணியாரத்தைத் தலையணை உறைக்குள் ஒளித்து, எறும்பு காட்டிக்கொடுத்த கதை. காய்ச்சலில் படுத்தவளுக்கு மாத்திரம் கிடைத்த பாற்கஞ்சி. அதற்காகவே காய்ச்சல் வரவேண்டுமென்று நேர்ந்தவர்களும் எம்மிடையே இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் குசினியையே ஆடுவோம் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது. மறுநாட் காலையே எதிர்ப்பும் வந்துவிட்டது.

எமது மூத்த அக்காமாரில் ஒருவர், கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், குரற்பதிவு ஒன்றை அனுப்பினார். "பிள்ளையள், எங்கட அம்மாமார் எங்களை அடுப்படியில இருந்து வெளியால எடுக்கத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவை. நூறு வருசம் கழிச்சு அகப்பையோட மேடையில ஏறப் போறியளோ?" அந்தப் பதிவுக்கு இரண்டு நாள் யாரும் பதில் போடவில்லை. அவர் சொன்னதில் பொய்யில்லை. பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு, கறி வைக்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவருடைய தலைமுறையினர். மனையியற் பாடம் கூட அந்த வீடுகளைச் சமாதானப்படுத்துவதற்கே வைக்கப்பட்டது என்று அவர் இப்போதும் சொல்லுவார். மனையியலில் டிஸ்ரிங்ஷன் எடுத்தவர்களுக்கு இதில் கோபம். அந்தச் சண்டைக்குள் நாம் இறங்கவில்லை.

ஆனாலும் அவருடைய கேள்வியே எமக்கு வழிகாட்டியது. குசினியைப் பூச்சூடி, பட்டுடுத்தி, அழகாகக் காட்டுவதானால் ஆடவே வேண்டாம் என்று தீர்மானித்தோம். யார் அங்கே வேலை செய்தார்கள், யார் சாப்பிட்டார்கள், யார் எங்கே இருந்து சாப்பிட்டார்கள் என்பவற்றையும் சேர்த்து ஆட வேண்டும். இதற்காகவே பழைய ஆண்டு மலர்களையும் விடுதிக் கணக்குப் புத்தகங்களையும் தேடிப் புரட்ட நேர்ந்தது.

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வரலாற்றில் சமையற்கட்டு தொடக்கத்திலேயே இருக்கிறது. 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்தில், பிள்ளைகளைப் படிக்க விடுவதைவிட அங்கே சாப்பிட விடுவதே பெற்றோருக்குப் பெரிய தடையாக இருந்தது. ஆண்பிள்ளைகள் படித்த வட்டுக்கோட்டைச் செமினரியிலே, மிஷன் வளவுக்குள் சமைத்ததை மாணவர் உண்ண மறுத்தமையால் அடுத்திருந்த சைவர் ஒருவரின் காணியில் சமையற்கட்டை அமைக்க வேண்டியிருந்தது. புத்தகம் ஒரே வளவில், சோறு வேறு வளவில். நூறாண்டு கடந்து, 1930 ஐ ஒட்டிய காலத்தில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற விதி வந்தபோது குடாநாட்டில் பாடசாலைக் கட்டடங்கள் தீ வைக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனம், சம போசனம் இரண்டுக்குமாகப் போராடியது. ஆசனம் ஓரளவு வந்தது. போசனம் வரப் பின்னும் காலம் எடுத்தது.

இதை நாம் நூல்களில் படித்தது போதாதென்று, 90 வயதைத் தாண்டிய எமது அக்கா ஒருவர் தாமாகவே தொலைபேசியில் சொன்னார். "அவள் எங்கட வகுப்புத்தான். கணக்கில அவள்தான் முதல். சாப்பிடேக்குள்ள மட்டும் விறாந்தை நுனியில இருந்தவள். அவளுக்கு வேற கோப்பை. ஏனெண்டு நாங்கள் ஒருதரும் கேக்கேல்லை." சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

விழா மேடையில் இது வேண்டுமா? எமது குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். கொண்டாட வருகிறவர்களின் முகத்தில் ஏன் அடிக்க வேண்டும், இப்போது அப்படி இல்லையே என்றார்கள். மற்றப் பாதியினர், இது இல்லாவிட்டால் மிச்சம் எல்லாம் பொய் என்றார்கள். முடிவில் அது நிகழ்ச்சியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இடம்பெற்றது. வரிசையாக இருந்து சாப்பிடும் காட்சியில் ஒருத்தி மாத்திரம் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்குச் சென்று முதுகு காட்டி இருப்பாள். மற்றவர்களின் ஆட்டம் தடைப்படாது. மிருதங்கமும் நிற்காது. பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று தெரியாது. கவனித்தவர்கள் எம்மோடு பேச வந்தார்கள்.

இனி நடனத்தின் கதைக்கு வருவோம். எமது கல்லூரியின் ஆரம்பகாலப் பரிசளிப்பு விழாக்களில் நடனம் என்று எதுவும் இல்லை. அபிநயப் பாட்டு, கும்மி, கோலாட்டம், இவ்வளவுதான். சதிர் என்றாலே முகஞ் சுளித்த காலம் அது. 1934 இல் தாகூர் தமது சாபமோசன் நாட்டிய நாடகக் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றார். கல்வி கற்ற குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடலாம் என்பதை நேரிற் கண்டது பலருடைய மனத்தை மாற்றியது. 1936 இல் ருக்மிணிதேவி சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பிற்காலத்தில் இங்கிருந்து அங்கே சென்று கற்றுத் திரும்பியவர்கள் பாடசாலைகளில் நடன ஆசிரியைகளாயினர். 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கியது; பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இணுவில் வீரமணி ஐயர் எழுதிய நாட்டிய நாடகங்கள் குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் ஆடப்பட்டன. நடனம் பரீட்சைப் பாடமும் ஆயிற்று. எல்லாம் ஒரு வாழ்நாளுக்குள் நடந்தவை.

பரதநாட்டியம் வருவதற்கு முன்னரும் வந்த பின்னரும் ஒரு நடனம் மாத்திரம் எமது மேடையை விட்டுப் போகவேயில்லை. அது சுளகு நடனம். ஆண்டு மலர்களைப் புரட்டினால் பத்தாண்டுக்கு ஒரு தடவையாவது அதே படம் இருக்கும்: வரிசையாகச் சிறுமிகள், கையில் வர்ணம் பூசிய சின்னஞ்சிறு சுளகு, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. சிங்களப் பாடசாலைகளிலும் இதே சுளகு நடனம் உண்டு. அரிவி வெட்டு நடனமும் அப்படியே. ஆகவே நாம் குசினியை மேடையேற்றுவது புதுமை என்று நினைத்தது தவறு. காலங்காலமாக ஆடித்தான் வந்திருக்கிறோம். ஆனால் அந்தச் சுளகில் ஒருமுறையாவது அரிசி இருந்ததில்லை.

முதல் ஒத்திகையில் இது பிடிபட்டது. ஊரில் இருக்கும் ஓர் அக்காவை, சுளகு பிடித்துக் காட்டுமாறு கேட்டோம். அவர் கேட்டார்: "எதைச் செய்து காட்ட? புடைக்கவோ, கொழிக்கவோ, தெள்ளவோ, நாவவோ?" நடனம் தெரிந்த எமக்கு இந்த நான்குக்கும் வேறுபாடு தெரியவில்லை. புடைக்கும்போது சுளகு மேலும் கீழுமாக எழும்பும். உமியும் தூசியும் முன்னால் பறக்கும். கொழிக்கும்போது பக்கவாட்டில் அசையும். பெரியது ஒரு பக்கமும் சிறியது ஒரு பக்கமுமாகப் பிரியும். தெள்ளுவதிலும் நாவுவதிலும் மணிக்கட்டு வேறுவிதமாகச் சுழலுகிறது. அதை எழுத்தில் விளக்க எம்மால் முடியவில்லை, பார்த்துத்தான் பழக வேண்டும். அவருடைய தோள் அசையவில்லை. அசைந்தது மணிக்கட்டும் இடுப்பும் மாத்திரமே. சுளகு நடனத்தில் எம்மை அசைக்கச் சொன்னது தோளையும் கழுத்தையும். நாம் பல ஆண்டு கற்றதை முதலில் மறக்க வேண்டியிருந்தது.

உரலும் உலக்கையும் இன்னொரு பாடம். உலக்கையைப் பிடிப்பது முஷ்டி ஹஸ்தம் என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் உண்மையில் மா இடிக்கும் கை அப்படி இறுக்கிப் பிடிப்பதில்லை. மேலே போகும்போது விடுகிறது, கீழே வரும்போது பிடிக்கிறது. இருவர் ஓர் உரலில் மாறி மாறி இடித்தால் ஒரு நடை; மூன்றாவது உலக்கை சேர்ந்தவுடன் தானாகவே திஸ்ரம் வந்துவிடுகிறது. ஊறவைத்த அரிசி முதலில் கணீரென்று ஒலிக்கும். மாவாக ஆக ஓசை மந்தமாகும். அரிதட்டில் அரித்துக் குறுணலை மறுபடி கொட்டியதும் ஓசை திரும்பக் கூர்மையாகும். எமது மிருதங்கக் கலைஞர் இதைக் கேட்டுவிட்டு, இதற்குச் சொற்கட்டு எழுத வேண்டியதில்லை, இதையே பதிவு செய்யுங்கள் என்றார்.

அந்தப் பதிவு இன்னொரு சிக்கலையும் தீர்த்தது. நாம் ஆடியது நான்கு நாடுகளிலிருந்து. இங்கே இரவு 8 மணி என்றால் இலண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30, சிட்னியில் நள்ளிரவு தாண்டி 12.30. சூமில் எல்லோரும் கூடிவிடலாம், தாளம் கூடாது. யாழ்ப்பாணத்தில் தட்டும் தட்டுக்கழி ரொறன்ரோவுக்குப் பிந்தித்தான் போய்ச் சேருகிறது. முதல் மாதம் முழுவதும் ஒருவரை ஒருவர் பிந்துகிறாய் என்று குற்றஞ்சாட்டினோம். உலக்கை ஓசையை முதலிற் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்பிய பிறகுதான் ஒரே உரலைச் சுற்றி நிற்பது போல ஆட முடிந்தது. விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் எல்லோரும் ஊருக்கு வந்து சேர்ந்து, உண்மையான உரலைச் சுற்றி முதன்முதலாக நின்றபோது, ஒருவரையொருவர் முட்டிக்கொண்டோம். திரையில் எவருக்கும் உடம்பின் பருமன் தெரிவதில்லை அல்லவா.

தலைப்பிலும் ஒரு சண்டை. தமிழ் படிப்பித்த அக்கா "அடுக்களை" என்று வைக்கச் சொன்னார். அந்தச் சொல்லை எமது விடுதியில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை என்று தங்கைமார் சொன்னார்கள். குசினி என்பது போர்த்துக்கேயச் சொல், பாண், வாங்கு, அலுமாரி, தாச்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை என்பது அக்காவின் வாதம். கறியில் போடும் செத்தல் மிளகாயும் அவர்களோடு வந்ததுதானே, அதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நிகழ்ச்சிநிரலில் "பழைய மாணவியர் வழங்கும் நடனம்" என்று மாத்திரம் அச்சிட்டோம். இக்கட்டுரைத் தலைப்பில் குசினி வந்துவிட்டது, அக்கா மன்னிப்பாராக.

கொழும்பில் வாழும் தங்கைமார் கொத்து ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தகடுகளும் கல்லில் தட்டும் ஓசைக்கு ஜதி கட்டி, மூன்று காலத்திலும் ஆடினார்கள். விடுதிக் குசினியில் கொத்து ரொட்டி ஏது என்று மூத்தவர்கள் முறுமுறுத்தாலும், மண்டபம் அதிகம் கைதட்டியது அதற்குத்தான். எமக்கும் பிடித்திருந்தது. பரதர் கூட ரசம் என்பதை விளக்க வந்த இடத்தில், நாட்டிய சாஸ்திரத்தின் 6 ஆம் அத்தியாயத்தில், சமையலைத்தான் உதாரணங் காட்டுகிறார்: பலவகைச் சரக்குகளும் இலைகளும் பிற பொருள்களும் கூடி ஒரு சுவை உண்டாவது போலப் பல பாவங்கள் கூடி ரசம் உண்டாகிறது, நல்ல உணவை உண்பவர் சுவைத்து மகிழ்வது போலப் பார்ப்போர் மகிழ்கின்றனர். பரீட்சைக்காக இதை மனனஞ் செய்தவர்கள் எம்மில் பலர். வாயில் உமிழ்நீர் ஊறப் படித்தவர் எவருமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிணக்கு திருப்பொற்சுண்ணத்தால் வந்தது. இலண்டன் தங்கைமார் தொடக்கக் காட்சியாக அதை ஆட விரும்பினார்கள். மாணிக்கவாசகர் பாடியது, பெண்கள் கூடி நறுஞ்சுண்ணம் இடிக்கும் பாட்டு, உரலும் உலக்கையும் உண்டு, 20 பாடல்கள், இதைவிடப் பொருத்தம் வேறென்ன? சிலப்பதிகாரத்து வள்ளைப்பாட்டையும் இதையும் சேர்த்து அழகாக ஒழுங்கு செய்து, பாடிப் பதிவும் அனுப்பிவிட்டார்கள். ஊரில் அதைக் கேட்ட அக்காமார் திகைத்துப் போனார்கள். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் அந்தப் பாட்டு கேட்பது செத்தவீட்டில். பிரேதம் முற்றத்தில் இருக்க, உரலில் சுண்ணம் இடிக்கும்போது அது பாடப்படும். "நூற்றாண்டு விழாவைச் செத்தவீட்டுப் பாட்டோட தொடங்கப் போறியளோ?" என்று ஒருவர் கேட்டார். அங்கே பிறந்து வளர்ந்த, எமது பழைய மாணவியரின் பிள்ளைகள் சிலரும் அந்த ஆட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அது திருவாசகம், அவ்வளவுதான். தாங்கள் என்ன பிழை செய்தோம் என்று விளங்காமல் ஒரு பிள்ளை அழுதுவிட்டாள்.

ஒரு கிழமை ஒத்திகை நின்றது. இரு பக்கமும் உண்மை இருந்தது என்பதே சிக்கல். பிறகு அந்தப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து எடுத்தோம்; விலக்கவில்லை. எங்கே வைத்தோம் என்பதைச் சற்றுப் பிந்திச் சொல்கிறோம்.

நடுப்பகுதி முழுவதும் காலவரிசை. 1942 இல் வந்த அரிசிக் கூப்பனிலிருந்து தொடங்கினோம். 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டதை, ஒரு நீண்ட வரிசை மெல்ல மெல்லக் கலைவதாகக் காட்டினோம். எழுபதுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, பாணுக்கு வரிசை நீண்ட அதே ஆண்டுகளில் குடாநாட்டின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலையெடுத்தனர். அக்காலத்து விடுதியில் மரவள்ளிக்கிழங்கும் குரக்கன் பிட்டும்; வெங்காயத்துக்கு மாத்திரம் பஞ்சமில்லை. இந்தப் பகுதி சிரிப்பாகவே ஆடப்பட்டது. ஆடியவர்கள் அந்த வெங்காயச் சம்பலைத் தின்று வளர்ந்தவர்கள்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னரான காட்சியில் மேடை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் எம்மிற் பலர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும், சைக்கிள் ரியூப் வால்வில் திரி. அந்த ஒரு விளக்கைச் சுற்றி எட்டுப் பேர் இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம். அதே விளக்கு குசினிக்கும் போய்வர வேண்டும். சீனி இல்லாதபோது உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்து நக்கிக் குடித்த தேத்தண்ணீர். மேடையில் ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு. அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றி ஆடினோம். விளக்கு எங்கே போகிறதோ அங்கே மாத்திரம் முகங்கள் தெரியும். தீயணைப்புக்காகப் பக்கத்தில் வாளி மணலுடன் ஒருவர் நின்றார். அவர் எமது ஆண்டில் பௌதிகவியலில் முதற்பரிசு பெற்றவர்; இப்படியும் உதவினார்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி எம்மில் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. இந்த மலரிலேயே வேறு கட்டுரைகளிலும் இருக்கும். தென்மராட்சியை நோக்கி மழையில் நகர்ந்த சனத்திடையே தண்ணீர் கிடைக்காமல், குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து மழைநீரைக் குடித்தார்கள். மேடையில் பாட்டோ தாளமோ இல்லாமல், பானைகளோடும் ஒரு குடையோடும் மெல்ல நடந்தோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஒத்திகையில் இதை அபிநயமாக்கப் பார்த்தோம். ஆடியவர்களாலும் முடியவில்லை, பார்த்தவர்களாலும் முடியவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்த தங்கை அந்தக் காட்சியில் ஒரு நீத்துப்பெட்டியைச் சுமந்தாள். அது ஆட்டத்துக்காக வாங்கியதல்ல. அன்றிரவு அவளுடைய அம்மா சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போனது. வன்னிக்கும், பிறகு கொழும்புக்கும், பிறகு கனடாவுக்கும் போய், இப்போது திரும்ப வந்திருந்தது. ஓலை கறுத்துவிட்டது. அதில் இப்போது பிட்டு அவிப்பதில்லையாம். அலுமாரியின் மேல் இருக்கும்.

அந்த நடையின் முடிவில், சுமந்தவற்றையெல்லாம் இறக்கி வைத்த பிறகு, இருட்டில் உலக்கை ஓசை கேட்கத் தொடங்கும். அங்கேதான் திருப்பொற்சுண்ணத்தை வைத்தோம். இலண்டன் பிள்ளைகள்தான் பாடினார்கள். முதலில் எதிர்த்த அக்காமார் முன்வரிசையில் எழுந்து நின்றார்கள். நாம் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசிக் காட்சி ஆடிக்கூழ். அரிசிமா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி என்று ஒவ்வொன்றாக வந்து ஒரு பானையில் சேரும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைத் தொடங்கியதும் எமது பாடகியின் குரல் கேட்கவில்லை. மண்டபம் முழுவதும் பாடியது. பாலர் வகுப்பிற் கற்ற பாட்டு 80 வயதிலும் ஒரு சொல் தவறாமல் வருகிறது. ஆண்டாண்டாக விடுதியில் ஆடிப்பிறப்பன்று அந்தப் பானையைக் கிண்டியவர் யார் என்ற கேள்வியோடு ஆட்டத்தை முடிக்க நினைத்திருந்தோம்.

அவரைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். எமது காலத்தில் விடுதியிற் சமைத்த ஆச்சி. நாம் எழுதிய நினைவுகள் எல்லாவற்றிலும் அவர் இருந்தார். எவருக்கும் அவருடைய பெயர் தெரியவில்லை. ஆச்சி என்றே கூப்பிட்டோம். விடுதிக் கணக்குப் புத்தகத்தில் அதிபர், மேற்பார்வையாளர் பெயர்கள் இருந்தன. சமையலுக்கு நேரே "சமையல் 2" என்றிருந்தது. இரண்டு பேர் என்று பொருள். நூறு ஆண்டு மலர்களில், அவற்றின் ஆயிரக்கணக்கான பக்கங்களில், அதிபர்கள், ஆசிரியைகள், மாணவத் தலைவிகள், வலைப்பந்தாட்டக் குழுவினர் எல்லோருடைய படங்களும் உண்டு. ஒரு படத்தில், விடுதி மாணவியரின் குழுப்படம் அது, பின்னாலே கதவு நிலையில் ஒரு சேலைத் தலைப்பு மாத்திரம் தெரிகிறது. அவராக இருக்கலாம்.

அவருடைய மகள் ஊரிலேயே இருக்கிறார் என்பதை விழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் அறிந்தோம். வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணீர் தந்தார். ஆச்சியின் பெயரை நிகழ்ச்சிநிரலில் போட்டு, மேடையிற் சொல்லி, மகளுக்குப் பொன்னாடை போர்ப்பது எமது திட்டம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொன்னாடை வேண்டாம் என்றார். பெயரும் போட வேண்டாம் என்றார். "இவ்வளவு காலமும் பெயர் கேக்காதனீங்கள். இப்ப அது உங்களுக்குத்தானே தேவை. அம்மாவுக்கு ஆச்சி எண்டு கூப்பிட்டது காணும். ஆச்சி எண்டே போடுங்கோ." நாம் என்ன சொல்ல முடியும்? ஆட்டத்துக்கு மாத்திரம் வருவதாகச் சொன்னார்.

வந்தார். மூன்றாவது வரிசையில் இருந்தார். கடைசிக் காட்சியில் எமது தங்கை ஒருத்தி, முகம் திரும்பாமல், சபைக்கு முதுகு காட்டியே நின்று நெடுநேரம் பானையைக் கிண்டினாள். மற்றவர்கள் அவளைக் கடந்து பிலாவோடு ஓடுவார்கள், வருவார்கள். அவள் திரும்ப மாட்டாள். ஒளி அந்த முதுகில் மெல்ல மங்கும்.

முடிந்ததும் எல்லோரும் மேடைக்குப் பின்னால் வந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது அவரும் வந்தார். ஆடிய பிள்ளையின் கையைப் பிடித்தார். "நல்லாச் செய்தாய். ஆனா அம்மா இடக்கைக்காரி. கிண்டுறது எல்லாம் இடக்கையால. பரிமாறேக்குள்ள மட்டும் வலக்கை."

அந்த ஆச்சியின் கையால் ஏழு ஆண்டு சாப்பிட்டவர்கள் எம்மில் இருந்தார்கள். ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. பரிமாறும் கையைத்தான் நாம் பார்த்திருந்தோம்.

பின்னர் ரொறன்ரோவில் ஆடியபோது அதைத் திருத்தினோம். வலக்கைப் பழக்கமுள்ள அந்தத் தங்கை இடக்கையாற் கிண்டப் பழக இரண்டு மாதம் எடுத்தாள். வீட்டில் கறியும் அப்படியே கிண்டிப் பழகியதால் சட்டி இரண்டு முறை கவிழ்ந்தது என்று அவளுடைய கணவர் முறையிட்டார். கல்லூரி நூலகத்தில் வைக்கப்பட்டுள்ள ஒளிப்பதிவு தொடக்க விழாவில் எடுத்தது. அதைப் பார்ப்பவர்கள் கடைசிக் காட்சியில் அகப்பை தவறான கையில் இருப்பதை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.